தொழிற் கருவியைச் சிறை வைக்கலாமா?

பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பவுண்டில் அடைக்கும் வழக்கத்தை நம் விவசாய அங்கத்தினர் நன்கறிவர். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வகுத்த முறை அது. மாட்டை மீட்க அபராதமும் கட்ட வேண்டும். அடைபட்ட நாட்களின் தீனிச் செலவும் கட்ட வேண்டும். உரியவர் வாராவிடில் மாடு ஏலத்திற்குப் போகும். உழவு நாளில் மாடு பவுண்டில் நின்றால் அவ்வீட்டின் நிலை என்னவாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்க நகரங்களில் இன்று மோட்டார் வண்டிகள் இதே முறையில்தான் பிடிபடுகின்றன. விதிக்கு மாறாக நின்ற வண்டியை இழுவை வண்டி கொண்டுபோய்க் காவலில் நிறுத்திவிடுகிறது. மீட்கச் செல்பவர் இழுத்த கூலி, நாள்தோறும் ஏறும் காவற்கூலி, அபராதம் ஆகிய மூன்றையும் செலுத்த வேண்டும். செல்வருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவே. ஏழைத் தொழிலாளிக்கோ வண்டி இன்றேல் வேலை இல்லை. வேலை இன்றேல் வண்டியை மீட்கப் பணம் இல்லை. பணம் தேடும் நாட்களிலேயே காவற்கூலி வளர்கிறது. கடன் வண்டியின் விலையைத் தாண்டிய பின்னர், மீட்பதிலும் பொருளில்லை.

சியாட்டில் நகரில் 2016-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் காண்போம். வீடற்ற கைத்தொழிலாளி ஒருவர் தம் லாரியிலேயே குடியிருந்தார். அவருடைய கருவிகளும் அதனுள்ளேயே இருந்தன. 72 மணி நேரத்திற்கு மேல் ஓரிடத்தில் நின்றது என்ற காரணத்தால், அவர் வேலைக்குச் சென்றிருந்த வேளையில் லாரி இழுத்துச் செல்லப்பட்டது. வீடும் கருவியும் ஒரே நாளில் போயின. அதன் செலவாக 547 டாலர் அவர் தலையில் விழுந்தது. மாதம் 50 டாலர் வீதம் கட்டுமாறு பணிக்கப்பட்டார். 2021-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம், குடியிருக்கும் வண்டி வீட்டிற்குரிய பாதுகாப்பைப் பெறும் என்றும், செலுத்தும் சக்தியை நோக்காது விதித்த இத்தொகை அளவுக்கு மீறிய தண்டம் என்றும் தீர்ப்பளித்தது.

சான்பிரான்சிஸ்கோவில் ஐந்து அபராதச் சீட்டுகள் கட்டப்படாதிருந்தால், முறையாக நிறுத்திய வண்டியையும் இழுத்துச் செல்லும் வழக்கம் இருந்தது. பாதுகாப்பாக நிற்கும் வண்டியைப் பாக்கிக்காக மட்டும், நீதிமன்றக் கட்டளையின்றிக் கைப்பற்றுதல் அரசியல் சட்டத்திற்கு மாறானது என்று 2023-இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று.

வழியை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றவே கூடாதா என்று சிலர் வினவலாம். அகற்றத்தான் வேண்டும். தீயணைக்கும் வண்டிக்கு வழியில்லாமற் போனால் ஊருக்கே கேடு. ஆயின் தடையை நீக்குவது ஒன்று. பாக்கியை வசூலிப்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கியதே பிழை.

நம் நாட்டில் 1908-ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம், 60-ஆம் பிரிவில், கைவினைஞரின் கருவிகளையும், விவசாயி பிழைப்பதற்குத் தேவையான ஏர்க் கருவி, கால்நடை, விதைத் தானியம் ஆகியவற்றையும் ஜப்தியிலிருந்து விலக்கி வைத்துள்ளது. இது வெறும் இரக்கம் அன்று, கணக்கறிந்த நியாயம். தவணை தவறிய நெசவாளியின் தறியைப் பெயர்த்துச் சென்றால் துணியும் வராது, கடனும் வராது.

அந்நகரங்கள் செய்யத்தக்கது இதுவே: அகற்றிய வண்டியை முதலில் உரியவரிடம் ஒப்படைத்து, அபராதத்தை அவரவர் வருவாய்க்கேற்பத் தவணையாகப் பெறுதல், தொழிற் கருவிகளைக் கட்டணமின்றி அன்றே திருப்பித் தருதல், வண்டியின் விலையை விழுங்காதபடி காவற்கூலிக்கு ஒரு வரம்பு கட்டுதல். விதியை மீறியவன் தண்டம் கட்டட்டும். ஆனால் அதனை உழைத்துக் கட்டுவதற்குரிய கருவி அவன் கையிலேயே இருக்கட்டும்.