திறப்பில்லாத விற்பனை

என் அக்காவின் மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. விரிவுரைக் குறிப்புகளும் நேர அட்டவணை மாற்றங்களும் வட்ஸ்அப் குழுக்களில் வருகின்ற காலம் இது. நல்ல கைபேசி ஒன்று வேண்டுமென்று அவன் கேட்டதில் தவறில்லை. அக்கா சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் 72,000 ரூபாவை எடுத்துக் கொடுத்தார். "தம்பி, நீயும் கூடப்போ. பேப்பர்காரன், நாலு கேள்வி கேட்கத் தெரிஞ்சவன்" என்று என்னையும் அனுப்பிவைத்தார். வட்டுக்கோட்டையிலிருந்து அராலி, கல்லுண்டாய் வெளியூடாக பஸ் ஏறி யாழ்ப்பாண நகரத்துக்குப் போனோம். கடையின் பெயர் இங்கு அவசியமில்லை. அப்படி ஒரு கடை மட்டும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை வந்திராது.

பாவித்த ஐபோன் ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கீறல் இல்லை, படம் தெளிவாக எடுத்தது, மருமகனின் சிம் அட்டையைக் கடைப் பெடியனே உள்ளே போட்டு, என் இலக்கத்துக்கு அழைத்தும் காட்டினான். மணி அடித்தது. நான் திருப்தியோடு தலையாட்டினேன். முப்பது வருடமாகப் பிறரைக் கேள்வி கேட்டு உண்டு வாழ்ந்தவன், கேட்கவேண்டிய ஒரேயொரு கேள்வியை அன்று கேட்கவில்லை.

மூன்று வாரம் கைபேசி ஒழுங்காக வேலை செய்தது. ஒரு நாள் இரவு மென்பொருளைப் புதுப்பிக்கும்படி அது கேட்க, மருமகன் புதுப்பித்தான். மறுநாள் காலை சிம் அட்டையை ஏற்கமாட்டேன் என்று திரையில் எழுதிக் காட்டியது. தட்டை வெளியே இழுத்துப் பார்த்தபோது, சிம் அட்டையின் கீழே இன்னொரு மெல்லிய தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் விளங்கியது: அது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வலையமைப்புக்கென்று பூட்டப்பட்ட கைபேசி. உள்ளே இருப்பது அந்த நிறுவனத்தின் சிம் அட்டைதான் என்று கைபேசியை நம்பவைப்பதற்காக வைத்த தகடுதான் அது. கைபேசியை ஏமாற்ற வைத்த தகடு எங்களையும் சேர்த்தே ஏமாற்றியிருந்தது.

திரும்பக் கடைக்குப் போனோம்.

"ஏன் ஐயா அப்டேட் பண்ணினனீங்கள்? நாங்கள் தரேக்க வேலை செய்ததுதானே?"

"பூட்டுப் போட்ட போன் எண்டு ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே!"

இன்னும் 18,000 ரூபா தந்தால் "திறந்து" தரலாமாம். பற்றுச்சீட்டைக் கேட்டால், கைபேசியின் பெயரும் தொகையும் மட்டும் எழுதிய துண்டு ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

"நீங்கள் கேட்கவில்லையே" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பூட்டு என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வியாபாரிகளுக்கு வசதியாக இருக்கிறது.

ஒன்று, வலையமைப்புப் பூட்டு. தொலைபேசி நிறுவனம் ஒன்று கைபேசியைக் குறைந்த விலைக்கோ தவணைக்கோ கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடாமல் இருக்கப் போடுகின்ற வேலி இது. 2007இல் முதலாவது ஐபோன் அமெரிக்காவில் ஒரே நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்டே விற்பனைக்கு வந்தது. இரண்டு மாதத்துக்குள் பதினேழு வயது இளைஞன் ஒருவன் அந்தப் பூட்டைத் திறந்து உலகச் செய்தியானான். தன் பணத்தில் வாங்கிய பொருளைத் தான் விரும்பிய வலையமைப்பில் பாவிக்க முடியாதா என்ற கேள்வி அன்றிலிருந்து ஓயவில்லை. அமெரிக்காவில் 2014இல், பாவனையாளர் தம் கைபேசியைத் திறப்பது குற்றமல்ல என்று தனிச்சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

எங்கள் வீடுகளுக்கு மிகவும் நெருங்கிய கதை கனடாவினுடையது. அங்கே பூட்டைத் திறந்து தருவதற்கென்றே நிறுவனங்கள் கட்டணம் அறவிட்டன. 2016ஆம் ஆண்டில் மட்டும் அப்படித் திரட்டிய தொகை 3 கோடி 77 இலட்சம் கனடிய டொலர். தாமே பூட்டிவிட்டுத் தாமே திறப்பதற்குக் கூலி வாங்குவது! அந்த நாட்டின் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2017 டிசம்பர் 1 முதல் இதற்கு முடிவு கட்டியது: புதிய கைபேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும், பழையவற்றைக் கேட்டவுடன் இலவசமாகத் திறந்து கொடுக்க வேண்டும். ஜப்பான் 2021 ஒக்டோபரிலும், பிரித்தானியா அதே ஆண்டு டிசம்பரிலும் பூட்டிய கைபேசி விற்பனையைத் தடைசெய்தன.

ஆனால் தடை வருமுன் விற்கப்பட்டவையும், இன்றும் பூட்டு அனுமதிக்கப்படுகின்ற நாடுகளில் விற்கப்படுபவையும் எங்கே போகின்றன? சொந்த நாட்டில் மதிப்பிழந்த பின் கொள்கலன்களிலும் பயணப் பொதிகளிலும் எங்களைப் போன்ற ஊர்களுக்கு வருகின்றன. அங்கே பாவனையாளரைக் காக்க ஆணைக்குழு இருந்தது. இங்கே எங்களுக்கு மெல்லிய தகடு இருக்கிறது.

இரண்டாவது, உரிமையாளர் பூட்டு. 2013இல் ஐபோனுக்கும் 2015இல் அன்ட்ரோயிட் கைபேசிகளுக்கும் வந்தது. கைபேசியை எவர் அழித்துத் துடைத்தாலும், முதல் உரிமையாளரின் கணக்கும் கடவுச்சொல்லும் இன்றி அது மீண்டும் உயிர்பெறாது. இந்தப் பூட்டை நான் எதிர்க்கவில்லை, ஆதரிக்கிறேன். இது வந்து ஓராண்டு கடந்தபோது கைபேசித் திருட்டு இலண்டனில் பாதியாகவும், ஐபோன் திருட்டு சான்பிரான்சிஸ்கோவில் 40 வீதத்தாலும், நியூயோர்க்கில் 25 வீதத்தாலும் குறைந்ததாக அந்நகரங்களின் அதிகாரிகள் 2015இல் அறிவித்தார்கள். திருட்டு ஒழிந்துவிடவில்லை என்பதும் உண்மை. பிரித்தானியாவிலிருந்து ஓராண்டில் 40,000 வரையான திருட்டுக் கைபேசிகளைச் சீனாவுக்குக் கடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் கும்பலொன்றை இலண்டன் காவல்துறை 2025இல் பிடித்தது. எனினும், தெருவில் பறித்தவன் அப்படியே விற்றுக் காசாக்கும் வசதியை இந்தப் பூட்டு கெடுத்திருக்கிறது. அது வேண்டியதே.

ஆகவே கடையில் உள்ள கைபேசி ஒன்று இந்த இரண்டாவது பூட்டோடு இருந்தால், அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அது களவெடுத்தது, அல்லது விற்றவர் தன் கணக்கை நீக்கிக் கொடுக்காதது. முதலாவதானால் அதை விற்க எவருக்கும் உரிமையில்லை. இரண்டாவதானால் விற்பனை இன்னும் முடியவில்லை. யானையைக் கொடுத்தவன் அங்குசத்துக்குப் பிணங்கியதைப் பழமொழியில் கேட்டிருக்கிறோம். இங்கே அங்குசம் இன்னும் பழைய உரிமையாளரின் கையில் இருக்க, யானை மட்டும் கடை கடையாகக் கைமாறிக்கொண்டிருக்கிறது.

உரிமையை விசாரிக்காமல் பொருள் வாங்கியவர்களா நாங்கள்? ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலேயே, காணியை விற்க நினைப்பவன் உரிமைப் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றிருக்கிறது. விற்பனை என்பது ஊரறிய நடக்கவேண்டிய காரியம் என்பது எங்கள் வழக்கம். இன்றும் உறுதி பார்க்காமல் எவரும் அரைப் பரப்புக் காணிக்கு முற்பணம் கொடுப்பதில்லை. மாட்டுக்குக் குறி உண்டு. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டத்தின்படி அதைக் கைமாற்றும்போது உரிமைச் சீட்டும் உண்டு. துவிச்சக்கர வண்டிக்குக்கூட உள்ளூராட்சி சபையின் இலக்கத் தகடு இருந்தது. ஆனால் ஒரு நல்ல பசுவின் விலைக்கு அருகில் வருகின்ற கைபேசிக்கு ஒரு துண்டுக் கடுதாசி போதும் என்று இருந்துவிட்டோம். இத்தனைக்கும், ஒவ்வொரு கைபேசிக்கும் பிறப்பிலேயே சுட்ட குறி ஒன்று இருக்கிறது: ஐஎம்இஐ எனப்படும் பதினைந்து இலக்க எண். மாட்டுக்குச் சுட்ட குறியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இதைப் பார்க்கக் கற்கவில்லை.

சட்டமும் இல்லாமலில்லை. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்பவருக்கு அப்பொருளை விற்கும் உரிமை இருக்கவேண்டும் என்பதையும், பொருள் சொல்லப்பட்ட விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கிய நிபந்தனைகளாக வைத்திருக்கிறது. கைபேசி என்றால் பேசுவதற்கானது. இங்குள்ள எந்த சிம் அட்டையையும் ஏற்காத ஒன்றைக் கைபேசி என்று விற்றவர், "நீங்கள் கேட்கவில்லையே" என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? நூற்றிருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்தக் கேள்வியை எங்களுக்காகச் சட்டமே கேட்டுக்கொண்டிருக்கிறது.

இதற்குக் கடைக்காரர்கள் சொல்லும் சமாதானங்களை நான் அறிவேன். "விலை குறைவென்றால் ஏதோ குறை இருக்கும் என்று வாங்குபவர் ஊகிக்க வேண்டாமா?" என்பார்கள். மொத்த வியாபாரத்தில் பூட்டிய கைபேசிக்கு ஒரு விலை, பூட்டில்லாததற்கு வேறு விலை. இவர் வாங்கும்போது அந்த வித்தியாசத்தை அறிந்தே வாங்கினார். அறிந்ததைச் சொல்லாமல் விற்றதால் வந்த இலாபத்தை மலிவு என்று அழைக்கக்கூடாது.

"இப்படிக் கடுமை காட்டினால் ஏழைப் பிள்ளைகள் எந்தக் கைபேசியை வாங்குவது?" என்பது இரண்டாவது சமாதானம். பூட்டிய கைபேசியை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட்டியது என்று எழுதி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். வைஃபையில் பாடம் பார்க்க மட்டும் போதும் என்பவர் தெரிந்தே வாங்குவார். ஏழையிடம் உண்மையை மறைப்பது ஏழைக்குச் செய்யும் சலுகை ஆகாது. தொண்ணூறுகளில் பற்றரிக்கும் தடை இருந்த காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. அன்றும் பழைய பொருளைத்தான் வாங்கி விற்றோம். எது உடைந்தது, எது ஒட்டியது என்று சொல்லித்தான் விற்றோம். அந்த நாணயத்தைப் பொருளாதாரத் தடை எங்களிடமிருந்து பறிக்கவில்லை.

எங்கள் பங்கையும் சொல்லவேண்டும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் உறவினர்கள் தங்கள் பழைய கைபேசியை அன்போடு தந்துவிட்டுப் போகிறார்கள். கணக்கை நீக்க மறந்துவிடுகிறார்கள். அது கைமாறிக் கடைக்கு வரும்போது இன்னொருவரின் தலையில் விழுகிறது. என் தொழிலுக்கும் பங்குண்டு. பத்திரிகைகள் இந்தக் கடைகளின் விளம்பரங்களைக் கட்டம் போட்டு வெளியிடுகின்றன. இந்த ஏமாற்றைப் பற்றி ஒரு பத்தி வெளியிடத் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்தில் நானும் இருந்திருக்கிறேன். சொந்த வீட்டில் நடந்த பிறகுதான் பேனா அசைந்தது என்பது பெருமைக்குரியதல்ல.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. பாவித்த கைபேசி விற்கும் ஒவ்வொரு கடையும், பற்றுச்சீட்டில் ஐஎம்இஐ எண்ணை எழுதட்டும். எந்தப் பூட்டும் இல்லை என்றோ, இன்ன பூட்டு இருக்கிறது என்றோ அதன் கீழ் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடட்டும். வாங்குபவரின் கண் முன்னால் கைபேசியை முற்றாக அழித்து, புதிதாக இயக்கிக் காட்டட்டும். பழைய கணக்கு எஞ்சியிருந்தால் அப்போதே தலைகாட்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நினைத்தால் இதைக் கட்டாயமான பணிப்புரையாக்கலாம். பிரதேச சபைகளும் வர்த்தக சங்கங்களும் தம் அளவில் வற்புறுத்தலாம்.

அதுவரை வாசகர்கள் தாமே செய்யக்கூடியவை சில. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஐஎம்இஐ என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதி, இடைவெளி விட்டு, அந்தப் பதினைந்து இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உண்டா என்று பதில் வரும். ஐபோன் என்றால் அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குள் கைபேசியைப் பற்றிய பக்கத்தைத் திறந்து, சிம் கட்டுப்பாடு எதுவுமில்லை என்று இருக்கிறதா என வாசியுங்கள். சிம் தட்டை நீங்களே வெளியே இழுத்து, கீழே தகடு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 1977க்கு அழைத்து முறையிடுங்கள், வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கள் வெட்கம்தான் அவர்களின் முதல்.

நாங்கள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். கேட்ட 18,000 ரூபாவைக் கொடுக்கவில்லை. மருமகன் தன் பழைய கைபேசியோடு, உடைந்த திரையில் விரல் வைத்தபடி விரிவுரைக்குப் போகிறான். புதிதாக வாங்கியது அக்காவின் அலமாரியில் இருக்கிறது. "திறப்பைத் தராமல் வீட்டை விக்கிறவனை ஊரில ஆராவது விடுவினமோ தம்பி?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்வியை நான் கடையில் கேட்கத் தவறினேன். நீங்கள் கேளுங்கள்.