குறை குழந்தையிடமா, சோதனையிலா?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் குரல் ஒலிப்பது புதிதல்ல. அங்கு வணிகர்களிலும் சுமை தூக்குவோரிலும் பலர் தலைமுறைகளாகத் தமிழர்கள். அரசு தமிழ்ப் பள்ளியும் அங்கே உண்டு. வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளரும் குழந்தை வாசிப்பில் பின்தங்கினால், அது கற்றல் குறைபாடா, மொழிச் சிக்கலா என்பதை யார், எந்த மொழியில் சோதித்து முடிவு செய்வது?

தமிழில் 'க' என்ற ஓரெழுத்து நிற்கும் இடத்தில் மலையாளத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழெழுத்தில் பழகிய சிறுவன் அவற்றை மாற்றி எழுதுவது இயல்பு. அதைக் குறைபாடு என முத்திரை குத்துவது தவறு. மாறாக, உண்மையிலேயே டிஸ்லெக்சியா உள்ள குழந்தையை 'மலையாளம் வரவில்லை, அவ்வளவுதான்' என்று விட்டுவிடவும் வாய்ப்புண்டு. இரண்டாவது தவறே அதிகக் கேடு விளைவிப்பது. ஏனெனில், அது எவர் கண்ணிலும் படுவதில்லை.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 2016 டிசம்பரில் ரூபாய் நோட்டு விவகார அமளியில் நாடாளுமன்றம் முடங்கிக் கிடந்தபோதும், மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறியது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த வகைகள் 21 ஆயின. கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளிடையே கணக்கெடுக்கவும் அச்சட்டம் பணிக்கிறது.

ஆனால், 2018இல் மத்திய அரசு வகுத்த நடைமுறைப்படி முதற்கட்டச் சோதனையே எட்டு வயதில் அல்லது மூன்றாம் வகுப்பில்தான். பிறகு மருத்துவர், உளவியலாளர், சான்றிதழ். அதுவரை குழந்தை காத்திருக்க வேண்டுமா? மூட்டை சுமக்கும் தந்தை எத்தனை நாள் கூலியை இழந்து மருத்துவமனை வாசலில் நிற்பார்? பின்லாந்தில் மருத்துவச் சான்று இல்லாமலேயே, ஆசிரியரின் மதிப்பீட்டைக் கொண்டு உதவி தொடங்கிவிடுகிறது.

உதவ ஆள் வேண்டுமே என்பது அடுத்த கேள்வி. தொடக்கப் பள்ளிகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கும், மேல் வகுப்புகளில் 15 மாணவர்களுக்கும் ஒரு சிறப்பு ஆசிரியர் என்று 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றாண்டுகளுக்குப் பின், 2025 மார்ச்சில், பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு அது மீண்டும் கட்டளையிட நேர்ந்தது.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. பாடம் தமிழில் எனில் சோதனையும் தமிழில்தானே இருக்க வேண்டும்? மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்கென உருவாக்கிய சோதனைகூட முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் சோதிக்கத் தெரிந்த சிறப்புப் பயிற்றுநர்கள் தமிழகத்தில் உள்ளனர். அவர்களைக் கேரள அரசு கேட்டுப் பெறலாம். தமிழக அரசு தானே முன்வந்தும் அனுப்பலாம். நாகர்கோவிலிலிருந்து சாலைக்கு இரண்டு மணி நேரப் பயணம்தான்.