விழுப்புண்ணை யாரும் ஒளித்ததில்லை

அடிபட்டதை வெளியே சொல்லாமல் களமிறங்குபவன்தான் வீரன். திருவனந்தபுரத்தில் பாக்ஸிங் பழகும் பையன்கள் முதல் டிவியில் யுஎஃப்சி சண்டை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை பலரும் சொல்வது இது. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதல் சாட்சியாக டோக்கியோ ஒலிம்பிக்கை இழுப்பார்கள். 2021-ல் குத்துச்சண்டை வீரர் சதீஷ் குமார் 13 தையல்களோடு காலிறுதியில் ஆடினார். பஜ்ரங் புனியா முழங்கால் காயத்தோடு மல்யுத்தத்தில் வெண்கலம் வென்றார். சரி, இதில் மறைத்தது எங்கே? சதீஷின் முகத்துத் தையல் உலகத்துக்கே தெரிந்தது. மருத்துவர்கள் பார்த்து அனுமதித்த பிறகுதான் ஏறினார். பஜ்ரங்கின் முழங்கால் போட்டிக்கு முன்பே பத்திரிகைச் செய்தி.

அடுத்து, 'நம் மரபே அப்படி' என்பார்கள். புறநானூற்றைப் புரட்டினால் கதை வேறு. மார்பில் பட்ட புண்ணைக் காட்டித்தான் பெருமைப்பட்டார்கள். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன்கூட அதைப் போர்த்தி மறைக்கவில்லை, நாணி வடக்கிருந்தான். புண்பட்டவன் வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, யாழ் வாசித்துக் காவலிருந்த காட்சியும் அதே நூலில் உண்டு.

மரபு என்றால் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்குப் போக வேண்டும். அங்குள்ள சி.வி.என். களரியை கோவிந்தன்குட்டி நாயர் தொடங்கியது 1956-ல். (அதே ஆண்டு நவம்பர் 1-ல்தான் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறியது, வழக்கம் மாறவில்லை. அங்கே குருக்கள், இங்கே வர்ம ஆசான்.) வாள் பிடிக்கச் சொல்லித்தரும் அதே கைதான் சுளுக்கும் வழிக்கிறது. உழிச்சில் என்னும் எண்ணெய்த் தடவலின்போது சீடன் எண்ணெய் பூசிப் பாயில் கிடப்பான். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி குருக்கள் காலால் உழிந்துகொண்டே போவார். இடுப்பில் பழைய அடி இருந்தால் அந்த இடத்தில் உடம்பு தானாகச் சுருங்கும், கால் அங்கேயே நிற்கும். வாயைத் திறக்காமல் இருந்தும் பயனில்லை. 108 வர்மம் தெரிந்த ஆசானுக்கு அடியின் பாதிப்பை நீக்கும் இளக்குமுறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது தென் திருவிதாங்கூர் நியதி. அடிக்கக் கற்றுத்தருபவரே வைத்தியராக இருக்கும் இடத்தில் மறைப்பது வீரமில்லை, வெறும் அசட்டுத்தனம்.

'சொன்னால் எதிராளி அந்த இடத்திலேயே அடிப்பானே?' நியாயமான கேள்வி. ஆனால் எதிராளியிடம் சொல்லச் சொன்னது யார்? மருத்துவரிடம் சொன்னால் போதும். 2015 மே மாதம் குத்துச்சண்டை வீரர் மேவெதரோடு மோதுமுன் பாக்கியாவ் தரப்பு கொடுத்த மருத்துவப் படிவத்தில், தோளில் காயம் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டிருந்தது. அன்றிரவு வலிக்கு ஊசி கேட்டபோது நெவாடா விளையாட்டு ஆணையம் மறுத்துவிட்டது. கவனக்குறைவால் நேர்ந்தது என்றது அவர் தரப்பு. போட்டியில் தோற்றார், சில நாளில் தோளில் அறுவை சிகிச்சை. மறைத்ததால் கிடைத்தது என்ன? ஊசியும் போனது, பெயரும் கெட்டது.

'அவன் உடம்பு, அவன் பாடு' என்பது இன்னொன்று. 2022 அக்டோபரில் அபுதாபியில் சாம்பியன் பட்டத்துக்காக மோதிய யுஎஃப்சி வீரர் டி.ஜே. டில்லஷா, பயிற்சியில் 20 தடவை போலத் தோள் நழுவியது என்று தோற்ற பிறகு சொன்னார். முதல் சுற்றிலேயே மறுபடி நழுவியது. அந்த வாய்ப்புக்காக வரிசையில் நின்ற மற்ற வீரர்களிடம் அவரே மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே இன்னொரு யுஎஃப்சி வீரர் டேரிக் மின்னர் காலில் அடியை மறைத்து ஆடினார் என்று விவகாரம் எழுந்தது. சண்டை தொடங்கும் முன்பே பந்தயச் சந்தை அவருக்கு எதிராகச் சாய்ந்திருந்தது. எதிராளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத செய்தி சூதாடிகளுக்கு எட்டியிருந்தால், அது யாருடைய ரகசியம்?

மூளை விஷயத்தில் பேச்சே கூடாது. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இன்னொன்று விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்.

மிஞ்சுவது ஒரே வாதம்: 'சொன்னால் சோறு போகும்.' இதை என்னால் மறுக்க முடியாது. ஆடினால்தான் கூலி. மாதக்கணக்கில் முட்டை, இறைச்சி, பயிற்சியாளர் என்று கடன் வாங்கிச் செலவழித்தவன், முந்தின நாள் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவானா? 'காயம் உண்டு' என்று எழுதுபவருக்கும் பயிற்சிச் செலவையாவது தருவோம் என்று போட்டி நடத்துபவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். எத்தனை பேருக்குத் தோள்வலி இருந்தது என்று அப்புறம் எண்ணிப் பார்க்கலாம்.