ஏ மைனஸும் ஏ தான்!

அமெரிக்காவுல ஸ்கூல் போடுற ஜி.பி.ஏ. வேற, காலேஜ் பார்க்கிற ஜி.பி.ஏ. வேற. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கோங்க (பெர்க்லி, யு.சி.எல்.ஏ. எல்லாம் இதோட கேம்பஸ்தான்). பள்ளி கொடுத்த சராசரியை ஓரமா வெச்சுட்டு, புதுசா ஒரு கணக்குப் போடும்.

ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2. பிளஸ், மைனஸ் எதுவும் செல்லாது. ஏ மைனஸ் எடுத்தவருக்கு அடிச்சது லாட்டரி. அவருக்கு மயிரிழையில பின்னாடி நிக்கிற பி பிளஸ் புண்ணியவானுக்கு வெறும் 3! பி.டி. கிரேடு சேராது. ஒன்பதாம் வகுப்பு கிரேடும் சராசரியில வராது, சி-க்குக் குறையாம வாங்கினா போதும். பத்தும் பதினொண்ணும்தான் கணக்கு.

ஏ.பி. மாதிரி கடினமான பாடத்துல சி-க்குக் குறையாம வாங்கினா, ஒரு பாயின்ட் போனஸ். சிலருக்கு ஜி.பி.ஏ. 4-ஐத் தாண்டுற ரகசியம் இதுதான். ஆனா போனஸ் மொத்தமே 8 செமஸ்டருக்குத்தான். அதாவது, நாலு முழு வருடப் பாடம். எக்கச்சக்க ஏ.பி. நடத்துற பணக்காரப் பள்ளிக்கு இது ஒரு கடிவாளம். நியாயம்தானே? என்ன, வரம்பில்லாத கணக்கையும் கேம்பஸ்கள் பக்கத்துல வெச்சுப் பார்க்கும் என்பதுதான் இடிக்குது.

விண்ணப்பிக்க உள்ளூர் மாணவருக்குக் குறைந்தது 3.0, வெளியாளுக்கு 3.4 வேணும். 2021-க்கு அப்புறம் அட்மிஷனுக்கு எஸ்.ஏ.டி. மார்க்கையும் பார்க்கிறதில்லை. அதனால, பதினைஞ்சு வயசுல நழுவவிட்ட அந்த பி பிளஸ்ஸை ஈடுகட்ட ஒரு பரீட்சையும் கிடையாது.