அடுப்படியில் எது மிகை?

சமையலறையைச் சீர்திருத்துவது பற்றி அண்மைக் காலத்தில் உபதேசங்கள் பெருகியிருக்கின்றன. ஓராண்டாகக் கையில் எடுக்காத பொருளை வீட்டை விட்டு அனுப்பிவிடு, இரண்டு இருக்கும் இடத்தில் ஒன்றை வை, மேடையைத் துடைத்தாற்போல் வைத்திரு என்பவை அவற்றின் சாரம். தெருமுனையில் மளிகைக் கடையும், நினைத்த பொழுதில் வாசலுக்கே சாமான் கொண்டுவரும் ஆளும் உள்ள நகரத்துக் குடும்பத்துக்கு இவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால், மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் ஆகியவற்றைக் கடந்து, பாம்பாடும் சோலையின் நிழலூடே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் பயணம் செய்தால் வருகிற வட்டவடையில், மழையில் மரம் விழுந்து பாதை அடைபட்டால் அன்றைக்கு வீட்டில் இருப்பதுதான் உணவு என்னும் நிலையில் உள்ள ஒரு கிராமத்தில், அதே அளவுகோலைக் கொண்டுபோய் அடுப்படியை அளப்பது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வட்டவடை கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் தாலுகாவில் இருக்கிறது. 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது அந்தத் தாலுகா கேரளத்தோடு நின்றதனால் ரேஷன் அட்டையின் எழுத்து மலையாளமாயிற்று. அடுப்படியின் பேச்சு தமிழாகவே இருந்துவருகிறது. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் காரட்டும் பீன்ஸும் படிக்கட்டு வயல்களில் விளையும் இம்மலையில் பூண்டுக்குத் தனிக் கீர்த்தி உண்டு. காந்தளூரும் வட்டவடையும் சேர்ந்து புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டு பல்லில் சிறியதாயினும் காரத்திலும் வாசனையிலும் சமவெளிப் பூண்டை மிஞ்சுவது.

பழைய மண்சுவர் வீடு ஒன்றின் அடுப்படியில் தலையை நிமிர்த்திப் பார்த்தால், அடுப்புக்கு நேர்மேலே, புகையேறிக் கறுத்து எண்ணெய் பூசியதுபோல் மின்னுகிற மூங்கில் பரணில், தாளோடு முடிந்த பூண்டுக் கொத்துகள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். அவற்றில் ஒரு பங்கு சந்தைக்கு. ஒரு பங்கு குழம்புக்கு. எல்லாவற்றிலும் தேர்ந்தெடுத்த பருத்த பூண்டு அடுத்த போகத்துக்கான விதை. அந்த விதைக் கொத்தை மாதக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தொடாமல் வைத்திருப்பதே அதன் பிரயோஜனம். கையில் எடுக்காத பொருள் மிகையான பொருள் என்னும் சூத்திரம் இந்தப் பரணுக்கு அடியில் வந்து நின்ற மாத்திரத்தில் பொய்த்துப்போகிறது.

பரணைப் பற்றி இவ்வளவு சொல்வதனால் பழைய புகையை நான் போற்றுகிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். விறகுப் புகை பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் தின்று தீர்த்த கதை மலைக்கும் சமவெளிக்கும் பொதுவானது. வீட்டு அடுப்புப் புகையினால் 2020-ல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் மாண்டிருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் வழியாகவும் சொந்தச் செலவிலும் எரிவாயு அடுப்பு மலையேறி வந்ததை வரவேற்காதவர் எவரும் இருக்க முடியாது. ஆனால், புகை நின்ற அன்றைக்கே பரணின் உத்தியோகமும் நின்றுபோயிற்று என்பதை நாம் கவனிக்கவில்லை. புகை ஏறாத பரணில் பூண்டு முளைவிடுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே பூண்டு படுக்கை அறைக்கும் திண்ணைக்கும் இடம் பெயர்கிறது. காலியான பரணிலோ கைப்பிடி உடைந்த குக்கர், மோட்டார் எரிந்த மிக்ஸி, மூடி காணாமற்போன பிளாஸ்டிக் டப்பாக்கள், என்றாவது உதவும் என்று கழுவிக் கவிழ்த்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஆகியவை ஒவ்வொன்றாக ஏறுகின்றன. வீட்டுப் பெண்களின் சோம்பலினால் அடுப்படி அலங்கோலமாகிறது என்பார் சிலர். வேலையிழந்த இடத்துக்குப் புதிய வேலை கற்பிக்கப்படாமையே அதற்கு மூலகாரணம் என்று நான் கருதுகிறேன்.

வட்டவடையின் கோவிலூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டார், பழைய அடுப்படிச் சாமான்களைப் புதிய சிமெண்டு அடுப்படிக்கு மாற்றிக்கொண்டிருந்த வேளையில் அங்கே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மருமகள் ஒரு பித்தளைத் தவலையை இறக்கி, "அத்தை, இதைப் போட்டுட்டுப் பெரிய குக்கரா ஒண்ணு வாங்கிரலாமா?" என்று கேட்டாள். அந்த அம்மாள், தவலையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக உளியால் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே, "உங்க மாமாவோட ஆத்தா பேரு, தாயி. எடைக்குப் போட்டா இதுவும் சேந்துல்ல போயிரும்" என்றார். பிறகு அவரே எழுந்து, ஓட்டை விழுந்த அலுமினியக் குண்டாக்களையும், பழைய சேலைக்கு மாற்றாக வாங்கி ஒருநாளும் அடுப்பேறாத எவர்சில்வர் தூக்குகளையும் எடுத்து வாசலில் அடுக்கத் தொடங்கினார். தவலை உள்ளே வந்தது. புதிய அடுப்படியில் குடிதண்ணீர் அதில்தான் நிற்கிறது.

ஸ்திரீதனமாக வந்த பாத்திரம் நம் குடும்பங்களில் பெண்ணுக்குச் சேமிப்பாகவும் ஞாபகமாகவும் இருந்துவந்திருக்கிறது. அடகுக்குப் போய் ஆபத்துக்கு உதவியதும் அதுவே. அதைக் கழிப்பதா வைப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அடுப்படியில் நின்று சமைப்பவருக்கே உரியது. விடுமுறைக்கு வரும் மகனோ, படத்தைப் பார்த்து அலமாரி அடிக்க வரும் தச்சரோ, என்போன்ற கட்டுரையாளரோ அதில் தலையிட நியாயமில்லை.

பொருளைக் கழித்தபின் மிஞ்சியதை எங்கே வைப்பது என்பதிலும் மலைக்கென்று சில தர்மங்கள் உண்டு. உயரம் 1,000 அடி கூடும்போது தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைகிறது. 5,000 அடிக்கும் மேலே உள்ள வட்டவடையில் அது 95 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடுவதால், திறந்த பானையில் துவரம்பருப்பு எளிதில் குழைவதில்லை. ஆகையால் இங்கே குக்கருக்கு, அதன் ரப்பர் வளையத்துக்கும் குண்டுக்கும் சேர்த்து, கை நீட்டினால் எட்டும் முதல் இடத்தைக் கொடுக்க வேண்டும். மூடுபனி நாட்களில் உப்பு நீர்த்துவிடும், மிளகாய்ப்பொடி கட்டிதட்டும், அப்பளம் நமுத்துவிடும். ஒரு மாதப் பொடியை ஒரேயடியாக அரைத்து வரிசையாக அழகு பார்ப்பதைவிட, மல்லியும் மிளகாயும் முழுசாக இருக்க, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வறுத்துப் பொடிப்பது உத்தமம். அரிசியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரப் பலகையில், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ஈரம் முதலில் ஏறுவது மூலைச் சுவரில்தான்.

இத்தகைய சிந்தனை புதியதன்று. 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் வியன்னாக் கட்டடக்கலைஞர், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சமையலறையை வகுத்தார். ரயில் வண்டியின் சமையற்கூடத்தை அவர் ஆராய்ந்தார். அரிசிக்கும் பருப்புக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் செய்தார். மாவில் புழு விழாதிருக்க அதன் பெட்டியை மட்டும் ஓக் மரத்தில் அமைத்தார். அந்த மாவுப்பெட்டியின் விவேகம் என்னை மிகவும் கவர்கிறது. அது அந்த ஊர் மாவுக்கும் அந்த ஊர்ப் புழுவுக்கும் விடையாக அமைந்தது. ஆனால் அந்த அறையில் ஒருவருக்கு மேல் நின்று வேலை செய்ய இயலாது. மாலை வேளையில் பீன்ஸ் மூட்டையைத் தரையில் கொட்டி, அத்தையும் மருமகளும் பக்கத்து வீட்டுச் சித்தியும் சுற்றி உட்கார்ந்து நறுக்கும் ஊருக்கு, நின்று சமைக்கும் அந்தக் குறுகிய மேடையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவருவது அந்தச் சகவாசத்தையே குலைத்துவிடும். தரையில் நான்கு பேர் அமர வெற்றிடம் விட்டபிறகுதான் அலமாரிக்கு அளவெடுக்க வேண்டும்.

வீட்டை விட்டுப் போன பொருள் எங்கே போகிறது என்பதும் நம் கவலையாதல் வேண்டும். வட்டவடையின் ஓடைகள் மேற்கே அரபிக்கடலுக்குச் செல்வன அல்ல. பாம்பாற்றில் கலந்து, கிழக்கே இறங்கி, உடுமலைப்பக்கத்து அமராவதி அணையை அடைவன. ஓடைக்கரையில் வீசிய பிளாஸ்டிக் டப்பா நம்மவர் குடிக்கும் தண்ணீரை நோக்கியே பயணம் செய்கிறது. வீடுவீடாக வந்து கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கைக் கொடுப்பதும், உலோகத்தைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடுவதும், அடுப்படிச் சீர்திருத்தத்தின் பாதி வேலை.

மற்றொரு பாதி அரசினுடையது. கேரள அரசின் லைஃப் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் உதவியோடு எழும் வீடுகள் ஏறத்தாழ 400 சதுர அடிக்குள் அடங்குபவை. கடற்கரைக்கும் மலைக்கும் அதே சுருக்கம். விதை வைக்க இடமில்லாத வீடு விவசாயிக்கு அரைகுறை வீடே. கொடைக்கானல் மலைப்பூண்டு விவசாயிகள் தனிக் கொட்டகையில் பூண்டைத் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காப்பதுபோல, வட்டவடையிலும் நாலைந்து வீடுகளுக்குப் பொதுவாக ஒரு புகைக் கொட்டகையை ஊராட்சி கட்டித் தருமானால், புகை பெண்களின் நெஞ்சை விட்டு விலகும், விதையும் பிழைக்கும், வீட்டுப் பரண் உலர்ந்த தானியத்துக்கு உபயோகமாகும். அத்துடன், வீட்டின் வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதற்கு முன்னால், அந்த அடுப்படியில் சமைக்கப்போகும் பெண்ணை அழைத்து, பூண்டு எங்கே, அரிசி எங்கே, உட்கார இடம் எங்கே என்று கேட்டு எழுதிக்கொள்ளும்படி அதிகாரிகளுக்கு ஊராட்சி உத்தரவிட வேண்டும்.