மீண்டும் பள்ளி வாசலில்



கனடாவின் வின்னிபெக் நகரில் ஏழைகள் நெருங்கி வாழும் பகுதியில் செல்கர்க் அவென்யூ என்றொரு வீதி உண்டு. பூர்வகுடி மக்கள் பலர் வாழும் அந்த வீதியில், குடியினால் பெயர் கெட்டிருந்த ஒரு விடுதிக் கட்டடத்தில் 2018-இல் பல்கலைக்கழக வகுப்புகள் தொடங்கின. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட பூர்வகுடிப் பெரியவர்கள் அதைத் தொடரவும் அங்கே அர்பன் சர்க்கிள் என்ற பயிற்சி மையம் உருவானது.

நாற்பது வயதில் புத்தகம் எடுப்பது எவருக்கும் கடினம். வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், கைக்குழந்தை எனத் தடைகள் பல. இம்மக்களுக்கோ பள்ளிக்கூடம் என்ற சொல்லே ஒரு தடை.

அதில் நமக்கும் பங்குண்டு. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள். 1930-இல் இயங்கிய 80 பள்ளிகளில் 44 கத்தோலிக்கப் பள்ளிகள். தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். பலர் பாதி நாள் வகுப்பிலும் பாதி நாள் வயல், சலவை வேலையிலுமாக வளர்ந்து, சரியாக வாசிக்கவும் தெரியாமல் வெளியேறினார்கள். அந்த அச்சம் அவர்களுடைய பிள்ளைகளையும் தொற்றியது.

2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் மாஸ்குவாசிஸ் சென்று மன்னிப்புக் கேட்டார். இது முதல் படி மட்டுமே என்று அவரே சொன்னார். பரிகாரமின்றி பாவசங்கீர்த்தனம் நிறைவு பெறாது என்பதை நாம் மறைக்கல்வியில் படித்தவர்கள்தானே!

பரிகாரம் எப்படியிருக்கும்? செல்கர்க் வீதியைப் பாருங்கள். அங்கே படிக்க வரும் பெரியவர்கள் தங்கள் இனத்தின் வரலாற்றையும் கற்கிறார்கள். 'நான் மந்தம்' என்று தலைகுனிந்திருந்தவர், தன் குடும்பத்துக்கு நேர்ந்தது இன்னதென்று அறிந்து நிமிர்கிறார். தாய்மார் கவலையின்றிப் படிக்க, குழந்தைகள் காப்பகம் ஒன்றையும் கட்டினார்கள். அதன் பெயர் மக்கூன்சாக். ஒஜிப்வே மொழியில் 'கரடிக்குட்டிகள்' என்று பொருள். எந்த மொழிக்காகப் பிள்ளைகள் அடிபட்டார்களோ, அந்த மொழி இன்று குழந்தைகளின் வாசலில் எழுதியிருக்கிறது.

சக்கேயு வருந்தியதோடு நிற்கவில்லை. எடுத்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். நாம் எடுத்தது மொழியும் தன்மானமும். இம்முறை ஆசிரியர் இருக்கை நமக்கு வேண்டாம். அவர்கள் நடத்தும் வகுப்புக்குப் பொருளுதவி செய்வோம். அவர்கள் பேசும்போது காது கொடுப்போம். கற்பித்தே பழகிய திருச்சபை கற்றுக்கொள்ளவும் அமரட்டும்.