யுத்த பூமியில் காரணத்தை மறைக்கலாமா?

அமெரிக்கா தேசத்தில் பென்சில்வேனியா ராஜ்யத்தைச் சேர்ந்த கெட்டிஸ்பர்க் என்னும் ஊரில் 1863-ம் வருஷம் ஜூலை மாதம் 1, 2, 3 தேதிகளில் பெரியதொரு யுத்தம் நடந்தது. மூன்று நாளில் ஏறக்குறைய 51,000 பேர் செத்தும், காயம்பட்டும், சிறைப்பட்டும், காணாமலும் போனார்கள். அந்த யுத்த பூமியில் இன்று 1,300-க்கு மேற்பட்ட ஞாபகச் சின்னங்கள் நிற்கின்றன. எந்தப் பட்டாளம் எங்கு நின்றது, எந்தத் தளபதி எங்கு விழுந்தான் என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. ஆனால் இவர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள் என்று கேட்டால் கல் என்ன பதில் சொல்லும்? அதைச் சொல்ல வேண்டியது பார்க்க வருகிறவர்களுக்கென்று கட்டிய பார்வையாளர் மாளிகைதான். அது வெகுகாலம் வாய் திறக்கவில்லை என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

பழைய மாளிகையில் மின்சாரப் படம் என்று ஒன்றிருந்தது. யுத்த பூமியை மேடு பள்ளத்துடன் தரையில் செய்து வைத்து, ஜனங்கள் சுற்றிலும் உட்கார்ந்திருக்க, வர்ண விளக்குகள் மாறி மாறி எரியும். நல்ல வேடிக்கை என்பதில் சந்தேகமில்லை. 2008-ம் வருஷம் வரை நடந்த இவ்வேடிக்கை, படை நகர்ந்த விதத்தைக் காட்டிற்றேயல்லாமல் படை புறப்பட்ட காரணத்தைக் காட்டுவதைத் தன் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை.

காரணம் என்ன ரகசியமா? 1860-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி அந்நாட்டில் அடிமைகள் சுமார் 40 லட்சம் பேர். பிரிந்துபோன தென் ராஜ்யங்களில் ஒன்றான மிசிசிப்பி, தான் பிரிவதற்கு அடிமை முறையைக் காப்பதே காரணமென்று 1861-ல் தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருக்கின்றது. அப்படியிருக்க, “ராஜ்ய உரிமைக்காகவே போராடினோம்” என்று பிற்காலத்தார் சொல்லுவது என்ன யோக்கியம்? எதைச் செய்கிற உரிமை? மனிதனை மனிதன் சந்தையில் விற்கிற உரிமைதானே! லீ என்பவரின் சேனை பென்சில்வேனியாவுக்குள் நுழைந்தபோது, அடிமையல்லாத சுதந்திரக் கறுப்பு மக்களையுங்கூடப் பிடித்துத் தெற்கே ஓட்டிக்கொண்டு போயிற்று. ஆபிரகாம் பிரையன் என்ற கறுப்புக் குடியானவர் இதற்குப் பயந்து குடும்பத்துடன் ஊரை விட்டு ஓடினார். அவருடைய நிலத்தில்தான் மூன்றாம் நாள் சண்டை மூண்டது. திரும்பி வந்து ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டார்; கிடைத்தது 15 டாலர்.

நிற்க, 1913-ல் ஐம்பதாம் ஆண்டு விழாவில் 50,000-க்கு மேற்பட்ட பழைய சிப்பாய்கள் கூடினார்கள். இரு கட்சிக் கிழவர்களும் கைகுலுக்கிக் கொண்டார்கள். ஜனாதிபதி வில்சன் பழைய சண்டை மறந்துபோயிற்றென்று பேசினார். சர்க்கார் ஆபீசுகளில் கறுப்புச் சிப்பந்திகளைத் தனியே பிரித்து வைத்ததும் அவர் ஆட்சியின் அதே வருஷத்தில்தான். யார் யாருடைய சண்டையை மறந்தார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

1990-களில் தேசியப் பூங்கா இலாகாவார் காரணத்தையும் சொல்லத் தலைப்பட்டபோது, தெற்கத்தியார் சங்கங்கள் சில வெகு ஆத்திரங் கொண்டன. யுத்த பூமியில் வீரத்தைப் பற்றி மட்டும் பேசவேண்டுமாம்; அடிமைத்தனத்தை இழுப்பது அரசியலாம். காரணத்தை நீக்கிய வீரம் வெறும் புராணமேயன்றி வேறென்ன என்று கேட்கின்றோம். 1999-ல் ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் என்ற கறுப்பு அங்கத்தினரின் முயற்சியால், யுத்தத்தில் அடிமைத்தனத்திற்குள்ள பங்கை விளக்கும்படி அமெரிக்க ஜனசபை இலாகாவைத் தூண்டிற்று. 2008-ல் திறந்த புதிய மாளிகையில் அது சொல்லப்படுகின்றது.

கட்டிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாய்ட்ரா என்ற பேர்போன சிற்பி கட்டி 1962-ல் திறந்த கட்டிடம், வடபுறத்துச் சேனை நின்ற வரிசையின் மேலேயே அமைந்திருந்தது. 2013-ல் இடித்துவிட்டார்கள். கலைப் பிரியர்கள் அழுதார்கள். நமக்கு அழுகை வரவில்லை. பார்க்க வந்த இடத்தையே மறைக்கிற கட்டிடம் எவ்வளவு அழகாயிருந்தென்ன? புதியது சண்டைக்களத்திலிருந்து கண்ணில் படாதபடி ஒதுங்கிய தாழ்ந்த நிலத்தில், அவ்வூர்க் களஞ்சியங்களின் சாயலில் இருக்கின்றது. அதுவே சரி. இனி எந்தத் தேசத்தில் இம்மாதிரி மாளிகை கட்டுவோரும், கட்டிடத்தை ஒதுக்கி வைக்கட்டும். காரணத்தை மாத்திரம் முதல் அறையில், வாசற்படிக்கு நேரே வைக்கட்டும். பீரங்கியும் வாளும் பின்னால் வரலாம்.

அன்றியும், மாளிகை தன் சுவரோடு நின்றுவிடக் கூடாது. செத்த வடபுறத்துச் சிப்பாய்கள் 3,300-க்கு மேற்பட்டவரை வயற்காடுகளிலிருந்து தோண்டியெடுத்துத் தேசிய இடுகாட்டிற்குக் கொண்டு சேர்த்த வேலையை, பேசில் பிக்ஸ் என்ற கறுப்புக் குடியானவரும் அவருடைய ஆட்களுமே செய்தார்கள். லிங்கன் பேர்போன பிரசங்கம் செய்தது அவ்விடத்தில்தான். அந்த இடுகாட்டில் இடம் பெற்ற கறுப்புச் சிப்பாய்களோ ஒன்றிரண்டு பேர். மற்றுமுள்ள சுமார் 30 பேர் ஊரில் கறுப்பு மக்களுக்கென்றிருந்த லிங்கன் இடுகாட்டில் தனியே கிடக்கிறார்கள். தனி இடுகாடு என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வருகிறவர் கையில் கொடுக்கும் படத்தில் பிரையனுடைய வீட்டையும் இந்த இடுகாட்டையும் பெரிய எழுத்தில் குறிக்கட்டும். இரண்டு இடுகாடுகளுக்கும் நடுவே வெகு தூரமில்லை, நடந்தே போகலாம். பேசில் பிக்ஸும் அந்தத் தனி இடுகாட்டில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.